புளி பட்ட காசு

மங்கின பித்தளையை நீக்கிலாப்பிள்ளையிடம் கொடுத்தால் மறுநாள் பளிச்சென்று திரும்பி வரும். மாதா கோயிலின் மெழுகுதிரித் தண்டுகளை அவர்தான் மினுக்குவார். எங்கள் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் சைவக்காரர்களும் குத்துவிளக்குகளை அவரிடம்தான் கொண்டுபோவார்கள். மருந்து ஒன்றுதான்: பழப்புளியும் உப்பும்.

சென்ட் லோரன்டில் பார்த்த தொழிற்சாலை வேலை போனபிறகு வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தார். அங்கே ஆட்களை வீடுகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற நான்தான் பழக்கினேன். பொறுமையான மனிதர். அதனால் சௌந்தரராஜன் வீட்டுக்கு அவரையே அனுப்பினேன்.

சௌந்தரராஜன் தமிழ்நாட்டுக்காரர். சென்ட்-ஆன்-த-பெல்வ்யூ விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. வலது கையில் எப்போதும் ஒரு பழைய காசு இருக்கும். ரோமரின் வெண்கலக் காசைப் பார்த்து, அந்தக் காலத்தில் பிரான்ஸ், பிரித்தானியப் பக்கம் இருந்த கெல்ட்டியர் என்ற குடிகள் தாங்களே அடித்தது.

"கள்ளக் காசோ, சேர்?" என்று நீக்கிலாப்பிள்ளை ஒருநாள் கேட்டார்.

"அப்படிச் சொல்லாதய்யா. ரோம்லருந்து சில்லறை வரல. அதுக்காகச் சந்தைய மூடுவாங்களா? ராஜா மூஞ்சியப் பாத்து இவங்களே அடிச்சுக்கிட்டாங்க. எழுத்துத் தெரியாது, அதான் சுத்தி வெறும் கோடு. மூக்கப் பாரு."

"முருங்கைக்காய் மாதிரிக் கிடக்கு."

"உன் மூக்குக்கு இது தேவலாம்."

சௌந்தரராஜன் சளிக்காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்த வாரம், வீடு துப்புரவாக்கப் போன நீக்கிலாப்பிள்ளை அந்தக் காசை மேசையில் கண்டார். பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. மனிசன் வரும்போது புதுசாக இருக்கட்டும் என்று புளியில் ஊறப்போட்டுத் தேய்த்தார். பச்சை கழன்றது. அதோடு மூக்கும் கோடுகளும் கழன்றன. முகம் மிஞ்சியிருந்ததே அந்தப் பச்சையில்தான். கையில் ஒரு மொட்டை வட்டம் மினுங்கியது.

எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, என்னை வேற வீட்டுக்கு மாத்திவிடுங்கோ."

"என்ன செய்தனீர்?"

சொன்னார்.

"மாத்தமாட்டன். அவரைத் தூக்கி இருத்தத் தெரிஞ்ச ஆள் நீர். அவர் காசைத் தேட முதல் நீரே சொல்லும்."

"முகத்தைப் பாக்கேலாது, அக்கா."

"காலைப் பாத்துச் சொல்லும். சப்பாத்துப் போட்டுவிடுறதும் நீர்தானே."

அப்படியே குனிந்து, சப்பாத்து நாடாவைக் கட்டியபடி சொல்லியிருக்கிறார். சௌந்தரராஜன் காசை வாங்கிப் பெருவிரலால் தடவினார்.

"புளியா?"

"ஓம், சேர்."

"இத்தன நூறு வருஷம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு. ஒண்ணும் ஆகல."

மற்றக் காலுக்குச் சப்பாத்துப் போட விடவில்லை.

சில நாள் கழித்துக் கேலி பேசத் தொடங்கினார். அது இன்னும் மோசம். "நீக்கிலா, ரசத்துல புளி தூக்கல்" என்று சிரிப்பார். நீக்கிலாப்பிள்ளை சிரிக்கமாட்டார். விளக்குக் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். உயிர்த்த ஞாயிறன்று கோயில் தண்டுகள் மங்கலாகவே நின்றன. அந்த நோவுக்கு என்னிடம் மருந்து இல்லை. வேலைக்கு நேரத்துக்குப் போகிறாரா என்று மட்டும் பார்த்தேன். போனார்.

போன மாதம் சௌந்தரராஜன் வரவழைத்த இன்னொரு பழைய காசு தபாலில் வந்தது. ஒற்றைக் கையால் உறையைப் பிரிக்க முடியாது. அதை நீக்கிலாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"பிரி."

"என்னட்டைத் தராதேங்கோ, சேர்."

"வேற யாரு இருக்கா இங்க?"

பிரித்தார். குசினிக்குப் போய்த் தேக்கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, விரல் படாமல் காசை அதில் ஏந்தி, மனிசனின் உள்ளங்கையில் வைத்தார். சௌந்தரராஜன் கரண்டியைப் பார்த்தார். கேலி செய்யவில்லை.

இப்போதும் காசென்றால் நீக்கிலாப்பிள்ளை கரண்டியோடுதான் வருகிறார்.