புத்தி சொல்ல வந்தவர்களுக்குக் களி கிண்டிய வருஷம்

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் என் கணவர் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னோடு மட்டுமில்லை, எல்லாரோடும்தான். அதனால் ஊரார் யாரும் என்னைத் தனியாகச் சந்தேகப்பட இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊராரின் திறமை எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

நான் கிருஷ்ணகிரிப் பெண். அம்மா அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துக்காரி, ஆகவே எங்கள் வீட்டில் பாதிச் சண்டை தமிழிலும் மீதி கன்னடத்திலும் நடக்கும். என்னைக் கொடுத்தது சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ராகியும் அவரையும் விளைகிற குடும்பத்தில். எங்கள் தாலுகா எந்த ராஜ்யத்தோடு போகும் என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் எல்லாருக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். மூன்றிலும் புத்தி சொல்லவும் வரும்.

என் கணவர் மேட்டு நிலத்தில் ஒரு கிணறு வெட்டினார். இடம் அவரே பார்த்தது. அந்த இடம் வேண்டாம் என்று மாமனார் சொன்னார், கேட்கவில்லை. இரண்டு கோடை அங்கேயே கிடந்தார். கல் உடைக்கிறவர்களோடு சேர்ந்து பாறையில் குழி போடவும் மருந்து கெட்டித்து வெடி வைக்கவும் கற்றுக்கொண்டார். வெடிக்க வெடிக்கப் பாறைதான் வந்தது. ஈரம்கூடக் கண்ணில் படவில்லை. ஒருநாள் "போதும், நிறுத்திடுங்க" என்று ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். கால் கழுவினார். சுவரைப் பார்த்துப் படுத்தார். அதற்குப் பிறகு எது கேட்டாலும் "ம்" ஒன்றுதான். சாப்பாடு வைத்தால் இரண்டு வாய். ஏர் ஓட்டக் கூப்பிட்டால் எழுந்து போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார், மாடுகள் அவரைப் பார்க்கும், அவர் மாடுகளைப் பார்ப்பார்.

சேதி பரவியது. ஆறுதல் சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வருகிறவர் யாரானாலும் முதலில் கட்டில் பக்கத்தில் உட்காருவார். "மனசை விட்டுடாதப்பா" என்பார். என் கணவர் "ம்" என்பார். அதோடு வைத்தியம் முடிந்துவிடும். அடுத்து வந்தவரின் சொந்தக் கதை தொடங்கும். தேன்கனிக்கோட்டைச் சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய இரண்டு கிணறுகள் வற்றிப்போன வரலாற்றை வெயில் தாழும்வரை சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கணவருடைய முகம்தான் அப்படியே இருந்தது. பிறகு எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள். களி, அவரைக்கொட்டைச் சாறு. நான் துடுப்பைப் போட்டுக் கிண்டிக் கிண்டி என் தோள்பட்டை வீங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மனக்கஷ்டம் ஒருவருக்கு, பசி முப்பது பேருக்கு.

ஜவளகிரிப் பக்கத்திலிருந்து பேயோட்டுகிறவர் ஒருவரையும் கூட்டி வந்தார்கள். வேப்பிலையால் என் கணவரை நன்றாகச் சாத்தினார். கடைசியில், "கெணத்துல விழுந்து செத்த பொம்பளை ஒருத்தி புடிச்சிருக்கா" என்றார்.

மாமனார் அதிகம் பேசாதவர். அன்று மட்டும் வாயைத் திறந்தார். "அந்தக் கெணத்துல தண்ணியே இல்லையே. அதுல யாரும் விழவும் இல்ல."

பேயோட்டுகிறவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதான் கோவம். விழலாம்னு வந்திருக்கா, தண்ணி இல்ல" என்றார். அவருக்கும் களி போட்டேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒருவர் இருந்தார். என் மாமியாரின் அண்ணன். பெரிய மாமா என்று கூப்பிடுவோம். சுற்றுப்பட்ட ஊர்களில் புருஷன் பெண்டாட்டி தகராறு, அண்ணன் தம்பி பாகம், மாமியார் மருமகள் சண்டை எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவார். தோளில் துண்டு, கக்கத்தில் குடை, நடையில் ஒரு அவசரம். இரண்டு பேர் நடுவில் சண்டை என்றால் முதலில் இரண்டு பேர்மேலும் தப்பு என்பார், பிறகு அந்த இடத்தில் இல்லாத மூன்றாவது ஆள்மேல் தப்பைப் போட்டுச் சமாதானம் செய்துவிடுவார். அந்த மூன்றாவது ஆளோடு நடக்கும் பஞ்சாயத்து தனி.

அவர் வந்து விஷயத்தைக் கேட்டார். "இது புருஷன் பொஞ்சாதி சமாச்சாரமாத் தெரியுது. இதெல்லாம் ரகசியமாப் பேசணும்" என்றார். வாசலில் அக்கம்பக்கத்தார் உட்பட இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரகசியம் காப்பதற்காக அவர் நாயை விரட்டினார்.

"ஏம்மா, நீ அவன் மனசு நோகும்படி ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லிங்க மாமா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லலிங்க."

"பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கட்டின பொஞ்சாதி ஒண்ணுமே சொல்லலைன்னா அவன் மனசு நோகாம என்ன செய்யும்?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என்னைக் கொஞ்ச மாசம் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தால் பையனுக்குத் தெளிவு வரும் என்று தீர்ப்பானது. என் கணவர் அப்போது என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அழுதால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைப்பார்கள் என்பதால் அழவில்லை.

"நான் போறேனுங்க மாமா. ஆனா நாளைக்கு வர்றவங்களுக்குக் களி கிண்டறது யாருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றேன்.

என் மாமியார் சட்டென்று எழுந்தார். "பொண்ணு எங்கயும் போவ வேண்டாம்ணா. புருஷனை வுட்டுட்டுப் போறது குடும்பத்துக்கு அழகா?" என்றார். அண்ணனுடைய தீர்ப்பைத் தங்கை மாற்றியது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்கள்.

சூளகிரி மருந்துக்கடைக்காரர்தான் பெங்களூரில் மனசுக்கென்றே வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். மாமியார் பயந்துவிட்டார். பைத்தியம் என்று பேர் வந்தால் அடுத்த பிள்ளைக்குப் பெண் கிடைக்காது. எனவே பல் பிடுங்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டோம். புறப்படுகிற அன்று காலையில் வழியெல்லாம் ஆட்கள். கிராம்பு வை என்றார் ஒருவர், உப்புத்தண்ணீர் என்றார் இன்னொருவர். பல்லுக்கும் அவ்வளவு பேர் வைத்தியர்களாக இருப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

என் கணவர், நான், மாமியார், பெரிய மாமா நான்கு பேரும் பஸ் ஏறினோம். பல் கதையை மறக்கக்கூடாது என்று மாமியார் அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஓசூர் தாண்டுவதற்குள் பெரிய மாமா பக்கத்து சீட்டுக்காரரிடம் கிணறு, பாறை, பேய், பெண்டாட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அத்திப்பள்ளியில் இறங்கிய ஒரு அம்மாள் என் கணவரின் தலையில் கைவைத்து, "மனசை விட்டுடாதப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், கன்னடக்காரர். மேஜை, நான்கு நாற்காலி, அவ்வளவுதான் அறை. ஊசியும் இல்லை, மருந்து வாசனையும் இல்லை. மாமியாருக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

"ராத்திரி நித்தெ பருத்தா?" என்று டாக்டர் என் கணவரைக் கேட்டார்.

பெரிய மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ராத்திரி தூக்கம் வருதான்னு கேக்கறார் மாப்ளே" என்றவர், என் கணவர் பதில் சொல்லும் முன்னால் டாக்டர் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் நீளமாகப் பேசினார். தூக்கம் வருகிறது, ஆனால் வேளையில்லாத வேளையில் வருகிறது, காரணம் சின்ன வயதில் இவன் அப்பன் கண்டிக்காததுதான் என்றார்.

டாக்டர் அடுத்து, சாப்பாடு பிடிக்கிறதா என்று கேட்டார். மாமா அதையும் மொழிபெயர்த்தார். இந்தத் தடவை பதிலில் எங்கள் நிலத்தின் மண் தரம், நான் குழம்பில் போடும் உப்பு எல்லாம் வந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் கணவருக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஆனேக்கல் சந்தையில் வருஷாவருஷம் ராகி விற்றவர் அவர். நானோ கன்னடத்தில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவள். அந்த அறையில் கன்னடம் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் மூத்தவர் மொழிபெயர்க்கும்போது நிறுத்தச் சொல்வது மரியாதை இல்லையே! உப்புக் கதை நடந்துகொண்டிருந்தபோது என் கணவரின் உதடு ஓரமாக ஒரு துடிப்புத் துடித்தது. சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து. டாக்டரும் பார்த்துவிட்டார்.

"நிமகே கன்னடா பருத்தா?" என்று நேராக அவரைக் கேட்டார்.

"பருத்தெ சுவாமி" என்றார் என் கணவர்.

பெரிய மாமா அதையும் மொழிபெயர்க்க வாயெடுத்தார். டாக்டர் எழுந்து, மிகுந்த மரியாதையோடு அவரையும் மாமியாரையும் வெளியே கூட்டிப்போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

பிறகு டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் கை பரபரத்தது. ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரம் புத்தி சொல்லாமல் இருப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஏதாவது பேசிவிடலாமா என்று நினைத்தபோது என் கணவர் பேசினார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்துவிட்டார். டாக்டருக்கு அதுவும் புரிந்தது.

"வர்றவங்க எல்லாம், போனாப் போவுது, ஒரு கெணறுதானேங்கறாங்க. எனக்கு அது போனாப் போவுதுன்னு இல்ல. ரெண்டு வருஷம் நான் வேற எதையும் நெனைக்கல. அடியில எறங்கி நின்னா மேல வட்டமா வானம் தெரியும். இங்கதான் தண்ணி ஏறப்போவுதுன்னு சுவத்துல கை வெச்சு வெச்சுப் பாப்பேன். அது செத்துப்போச்சு. எழவு வீட்டுல வந்து அழாதேன்னு சொன்னா எப்படி? ஒருத்தர்கூட, ஐயோ போச்சேப்பான்னு சொல்லல."

அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்துப் பழக்கமில்லாததால் எனக்குத் திக்கென்றது. பிறகு நானும் அழுதேன். "ஐயோ, போச்சேங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அதைத்தானே அவர் கேட்டது. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாமியார் மருந்துச்சீட்டைக் கேட்டார். மருந்து இல்லை என்றார் டாக்டர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பேரும் வந்து பேசிவிட்டுப் போக வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் இவருக்குப் புத்திமதி சொல்லக்கூடாது.

"பேசறதுக்கா பஸ் ஏறி வரணும்? அதை ஊட்லயே நாங்க நாள்பூராப் பேசுவோமே!" என்றார் மாமியார்.

"அதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றார் டாக்டர்.

மருந்து எதுவுமில்லாத அந்த வைத்தியத்தில் பத்தியம் மட்டும் கடுமை, அதுவும் நோயாளிக்கு அல்ல, மற்றவர்களுக்கு. பெரிய மாமா தினமும் வருவார். என் கணவருக்கு எதிரே உட்காருவார். வாய் திறக்கும். மாமியார் முறைப்பார். வாய் மூடும். குடையைத் தரையில் குத்திக் குத்தி வாசலில் பள்ளமே விழுந்துவிட்டது. உடம்பு இளைத்துவிட்டார். ஆறுதல்காரர்களின் வரத்தும் குறைந்தது. புத்தி சொல்ல முடியாத வீட்டில் களி மட்டும் யாருக்கு இறங்கும்? என் தோள் வீக்கம் தணிந்தது. என் கணவர் ஒருநாள் ஏர் பூட்டினார். இன்னொரு நாள், சாற்றில் உப்பு அதிகம் என்றார். குறை சொல்லக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவி அந்தத் தாலுகாவில் இருந்திருக்க மாட்டாள்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பெரிய மாமா எங்களோடு வருவதாகப் பிடிவாதம் பிடித்தார். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டுமாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் வெகுநேரம் வரவில்லை. நானும் என் கணவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், இவருக்குள்ளும் என்ன பாரமோ, இத்தனை குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவர் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். எனக்கும் மனசு இளகியது. மாமா வெளியே வந்தபோது முகம் பளிச்சென்றிருந்தது. பஸ்ஸுக்கு முன்னே நடந்து போய்விட்டார்.

டாக்டர் வாசல்படியில் களைத்துப்போய் நின்றிருந்தார். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். இது உடம்புக்கு நல்லதில்லையாம். பாகலூர்ல ஒரு பொண்ணு இருக்காம். இவ்வளவு நேரம் அதுதான்" என்றார். அன்று எங்களுக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் அணைக்கட்டு வேலைக்குப் பாறை வெடிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, என் கணவர் போகிறேன் என்றார். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை கூலிக்குப் போவதா என்று வாசலில் மறுபடி கூட்டம் கூடியது. இந்தத் தடவை அவரே எழுந்து, "நீங்க எல்லாரும் சொன்னதைக் கேட்டாச்சு. நான் போறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மாமனார் வண்டி பூட்டிக் கொடுத்தார். வேலை நின்றுபோன நாளிலிருந்து கிணற்றைப் பற்றி அவர் மகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டி புறப்படும்போது மட்டும், "நல்ல எடந்தான் பாத்திருந்தே. பாறை இருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை இறுக்கினார்.

அவருக்குக் குணமானதற்குக் காரணம் தன்னுடைய வேப்பிலைதான் என்று ஜவளகிரிக்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூருக்கு அழைத்துப் போனதே தான்தான் என்றார் பெரிய மாமா. அத்திப்பள்ளியில் இறங்கிய அம்மாளும் எங்கேயாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

அணைக்கட்டுக்குப் பக்கத்தில் ஓலைக்கூரை போட்ட ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தோம். போன முதல் வாரமே, தண்ணீர்ப் பானையை எந்த மூலையில் வைப்பது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. இரண்டு பேரும் நன்றாகக் கத்தினோம். நடுவில் ஒருமுறை, பழக்க தோஷத்தில், இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தோம். யாரும் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தோம்.