பிழையாகத் திரும்பப் பழகியவள்

விதுர்ஷாவும் நானும் ஒரே நாளில் பொலிசில் சேர்ந்தவர்கள். பயிற்சிக் கல்லூரியில் ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருந்தும், நான் இங்கே எழுதப்போவதை எனக்குச் சொல்ல அவளுக்கு ஒன்பது வருடம் எடுத்தது. அதையும் குருக்கள்மடத்தில் தன் வீட்டு அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டு, முகத்தைக் காட்டாமல்தான் சொன்னாள். "எழுதட்டா?" என்று கேட்டேன். "உனக்கு வேற வேலை இல்லயாக்கும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம். இப்போது இரண்டு பேருமே அந்த வேலையில் இல்லை.

2009 மார்கழியில் விளம்பரம் வந்தது. யுத்தம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, தமிழ் பேசும் பெண் பொலிசார் தேவைப்பட்டார்கள். விதுர்ஷாவுக்கு அப்போது இருபது வயது. உயரம் காணும், சாதாரண தரப் பரீட்சையும் சித்தியடைந்திருந்தாள். அம்மாவையும் தம்பியையும் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடம். அப்பா அதற்கு முன்பே இல்லை. கடற்கரைப் பக்கத்து வளவில் அத்திவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. புஸ்பம் என்ற சின்னம்மாவின் வீட்டில், விறாந்தையில் பாய் விரித்துத் தனியாகப் படுப்பாள். புஸ்பம் கெட்ட மனுஷி இல்லை. இருந்தது ஒரு அறை, அவளுக்கே மூன்று பிள்ளைகள்.

ஏன் பொலிஸ் என்று கேட்டேன். அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம் என்று ஏதாவது சொல்வாள் என நினைத்தேன். "வரிசயாப் படுக்கலாம் எண்டுதான்" என்றாள்.

பதினாலு வயதில் அவளை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்ட காலம் அது. டியூசன் முடிந்து வந்தவளைத் தோணியில் ஏற்றி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வருடமும் இரண்டு மாதமும் அங்கே இருந்தாள். 2004 சித்திரையில் இயக்கம் இரண்டாக உடைந்தபோது வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வந்து எட்டு மாதத்தில் கடல் வந்தது. அந்த முகாமை அவள் வெறுத்தாள், இன்றைக்கும் வெறுக்கிறாள். ஆனால் அங்கே நாற்பது பிள்ளைகள் வரிசையாகப் படுத்து மூச்சுவிடுகிற சத்தம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் அவளால் தூங்க முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஏதாவது ஆயுதக் குழுவில் இருந்ததுண்டா? 'இல்லை' என்று எழுதினாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஊர் வாய் திறக்காது. நற்சான்றிதழ் எழுதிய ஊர் விதானையார் வினாயகமூர்த்தி கடதாசியிலிருந்து தலையை எடுக்காமலே, "நல்ல புள்ள எண்டு எழுதியிரிக்கன் மகள். நல்ல புள்ளதானே?" என்று கேட்டார். "ஓம் ஐயா" என்றாள். சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தவள், வழியில் அழுதாளாம்.

பிறகு உடம்பைத் தேற்றத் தொடங்கினாள். முதல் நாள் வாவிக்கரையால் இருநூறு யார் தூரம் ஓடிவிட்டு வாந்தி எடுத்தாள். தினமும் ஒரு முட்டை குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சின்னம்மாவின் மூன்று பிள்ளைகளும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, அதைப் பொரித்து நாலாக வெட்டினாள். கடற்கரைதான் ஓட நல்ல இடம், ஆனால் அங்கே அவள் போவதில்லை. ஒரு பக்கம் அம்மாவைக் கொண்டுபோன கடல், மறுபக்கம் அவளைக் கொண்டுபோன கரை. நடுவில் இருந்த துண்டு நிலத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், தனியாக ஓடினாள்.

மூன்றாம் கிழமை, தோணியில் வலையைத் தட்டிக்கொண்டிருந்த அழகரத்தினம் கூப்பிட்டார். பேச்சுக் குறைந்த மனுஷன்.

"மகள், கையில என்னத்தத் தூக்கிற்று ஓடுறாய்?"

அவள் குனிந்து பார்த்தாள். வலது கை இடுப்போடு மடிந்திருந்தது. இடது கை நெஞ்சுக்குக் குறுக்கே நின்றது. முகாமில் தூக்கி ஓடிய, இப்போது இல்லாத துவக்கை இரண்டு கையும் பிடித்திருந்தன.

"ஒண்டுமில்ல மாமா."

"ஒண்டுமில்லாட்டி வீசி ஓடு" என்று சொல்லிவிட்டு அவர் வலையைத் தட்டத் தொடங்கினார்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. வாய் 'இல்லை' என்று எழுதிவிட்டது, உடம்பு 'ஓம்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. பயிற்சிக்கு வருகிற மற்றப் பிள்ளைகள் அணிவகுப்புப் பழகிக்கொண்டு வருவார்கள். இவள் அதை மறந்துகொண்டு போக வேண்டும். பிடிபட்டால் வேலை மட்டுமா போகும்? விசாரணை, புனர்வாழ்வு முகாம் என்று இழுபட்டுப் போனவர்களை ஊர் கண்டிருந்தது.

இரண்டு சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாரம் இழுக்கக் கை தானாக ஆடும். அது வழிக்கு வரவே ஒரு மாதம் பிடித்தது. பிறகு பார்த்தால் எங்கு தொட்டாலும் முகாம் பழக்கமே. சோற்றுக் கோப்பையை மூன்று நிமிடத்தில் காலி செய்கிறாள். போர்வையை நாலு மூலையும் பொருந்த மடிக்கிறாள். செருப்பைக் கழற்றினால் குதிக்குக் குதி ஒட்டி நிற்கிறது. இரட்டைப் பின்னலை மேலே மடித்து ஊசி குத்துகிற பழக்கம் வேறு. ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சோற்றை அளைந்து அளைந்து சாப்பிட, "என்னகா, கறி நல்லமில்லயா?" என்று சின்னம்மா மனம் நொந்தாள். காரணம் சொல்ல முடியாமல் இவள் இன்னும் மெதுவாகச் சாப்பிட்டாள்.

கட்டளைகள் சிங்களத்தில்தான் இருக்கும் என்பது அவளுக்கு ஒரு ஆறுதல். தமிழில் பழகிய உடம்புக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாள். மாசி நாலாம் திகதி, சுதந்திர தின அணிவகுப்பை டிவியில் காட்டினார்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் நின்றாள். கட்டளையின் முதல் சொல் நீளமாக இழுபட்டது, அடுத்த சொல் வெட்டி விழுந்தது. சொல் விளங்கமுன் அவளுடைய குதி நிலத்தில் அறைந்துவிட்டது. அந்த இழுவையும் வெட்டும் எல்லாப் படைக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆகவே பிழையாகத் திரும்பப் பழகினாள். கட்டளை விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ண வேண்டும். பக்கத்தில் நிற்பவளின் காலைப் பார்க்க வேண்டும். அவள் திரும்பிய பிறகு, தடுமாறித் திரும்ப வேண்டும். பக்கத்தில் நிற்க ஆள் இல்லாததால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அதன் காலைப் பார்த்துக்கொண்டாள். சந்தையால் வந்த புஸ்பம், வாசலில் பையோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புள்ள, கதிரயோட என்ன கோவம் உனக்கு?"

அடுத்த வாரம் சின்னம்மா கோயிலில் அவளுக்கு நூல் கட்டுவித்தாள். பேய் என்று நினைத்தாளோ, தெரிந்துதான் கட்டினாளோ, விதுர்ஷாவுக்கு இன்றும் தெரியாது. நான் கேட்டுப் பார்த்திருப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது.

2010 ஆடியில் கடிதம் வந்தது. பெட்டியில் அவள் வைத்தது இரண்டு சோடி உடுப்பு, ஒரு துவாய், அம்மாவின் அடையாள அட்டைப் பிரதி. போகிற அன்று காலையில், ஐந்து வருடத்துக்குப் பிறகு கடற்கரை வளவுக்குப் போய் அத்திவாரத்தில் கொஞ்ச நேரம் இருந்தாளாம். போயிட்டு வாறன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் சொன்னாள்.

பயிற்சிக் கல்லூரிக்குப் போன அன்றே வெயிலில் வரிசை கட்டினார்கள். உயரப்படி நிறுத்தியதில் அவளுக்குப் பக்கத்தில் வந்தவள் நான். என் ஊர் கரடியனாறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. சார்ஜன்ட் அம்மா இழுத்தாள்: "வமட..." பிறகு வெட்டினாள்: "ஹெரென்!" இடப்பக்கம் திரும்பு. அறுபது பிள்ளைகளும் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் முட்டிமோதித் திரும்பினார்கள். விதுர்ஷா பழகியபடியே என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் அசையவில்லை.

அசையாது. நான் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நானும் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று, இரண்டு என்று. பதினைந்து வயதில் எனக்கும் இயக்கம் ஒரு மரத்துவக்குக் கொடுத்திருந்தது. நானும் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியவள். கரடியனாற்றில், மாட்டுப்பட்டிக்குப் பின்னால், நானும் பிழையாகத் திரும்பப் பழகியவள். முழு வரிசையும் திரும்பிவிட, நாங்கள் இரண்டு பேர் மட்டும் குனிந்தபடி நின்றோம். நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தோம். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கும்.

இவ்வளவு மொக்குகளைத் தான் கண்டதில்லை என்று சார்ஜன்ட் அம்மா கத்தினாள். மைதானத்தை மூன்று தரம் சுற்றி ஓடச் சொன்னாள். ஓடினோம். சடையை, சாப்பாட்டை, திரும்புவதை எல்லாம் நான் சரிக்கட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் கரடியனாற்றில் ஒரு அழகரத்தினம் இருக்கவில்லை. பாதிச் சுற்றுத் தாண்டமுன் அவள் எனக்குச் சமமாக வந்தாள். நேரே பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

"கைய வீசி ஓடு புள்ள."

பார்த்தேன். என் இடது கை நெஞ்சுக்குக் குறுக்கே நின்றது. இறக்கி வீசினேன். கண்ணில் வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம், அது வியர்வை இல்லை.

பின்னேரம் ஆளுக்கொரு கட்டில் எடுக்கச் சொன்னார்கள். ஜன்னலோரத்தில் காற்று வருகிற கட்டில்கள் எத்தனையோ சும்மா கிடந்தன. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்துக் கட்டிலில் வைத்தாள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.