அவர் கைக்கடிகாரம் யார் கையில்

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் மணி பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பத்து பகாட் ஊரில் துணித் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவள். அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டேன். தூங்கும்போதும் கழற்ற மாட்டார்.

இனிப்புநீர் வியாதிக்கு உடம்பு அசையவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஞாயிறுதோறும் திடலில் வயதானவர்களுக்கு நடக்கும் வில் பயிற்சியில் சேர்ந்தார். நானும் மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாகக் கூடவே போவேன்.

முதல் நாளே, இழுத்துவிட்ட நாண் இடது மணிக்கட்டில் வந்து கடிகாரத்தில் அடித்தது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. தூக்கத்திலும் கழற்றாதவர் உடனே கழற்றினார். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள், பக்கத்தில் நின்ற டீச்சர் கையை நீட்டிவிட்டார்.

"குடுங்கண்ணே, நான் டைம் பார்க்க வச்சிக்கிறேன்."

டீச்சர் தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்றவர், அவரும் வில் பழக வந்தவர்தான். என்னைவிடச் சின்னவர், முதுகு இன்னும் வளையவில்லை. வாங்கியதைத் தம் கையிலேயே கட்டிக்கொண்டார்.

காரில் வரும்போது கேட்டேன்.

"என் கையில குடுத்தா தேஞ்சா போயிரும்?"

"நீ தூரமா உக்காந்திருந்த லா. ஆளாளுக்கு அம்பு விட இத்தன நிமிஷம்னு டீச்சர்தான் டைம் பார்க்கணும்."

"எனக்கு மணி பார்க்கத் தெரியாதா?"

"அலாமாக், ஒரு வாட்ச்சுக்கா இந்தப் பாடு?"

ஒரு வாட்ச்சாம்!

அடுத்தடுத்த வாரமும் இதே கதை. இவர் கழற்றுவார், அவர் கட்டுவார். வீட்டுக்கு வந்தால் கடிகார வாரில் பவுடர் வாசனை. ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல், பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண்ணிடம் போய் நானும் அம்பு விடுகிறேன் என்றேன். அந்தப் பெண் வில்லைக் கொடுத்தது. இடது கை வளையலைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று முழித்தேன்.

"யாரிடமும் கொடுக்க வேண்டாம் மாக்சிக்," என்று அத்தை முறை வைத்து மலாயில் சொன்னது அந்தப் பெண். "வில் பிடிக்கிற கையில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மறு கையில் போட்டுக்கொள்ளுங்கள்."

அவ்வளவுதானா! என் அம்பு எங்கே விழுந்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. எல்லோரும் அம்பு பொறுக்கப் போன நேரம் டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"வாட்ச்சக் குடுங்க டீச்சர். அவர் வலது கையில கட்டிக்கலாமாம்."

"அப்ப டைம் எதுல பார்க்கிறது?"

"உங்க போன்ல மணி ஓடலியா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எல்லோர் எதிரிலும் நானே வலது கையில் வாரை இழுத்துக் கட்டினேன்.

"இறுக்காதடி, ரத்தம் ஓடட்டும்."

"ஓடும், ஓடும்."

மறுபடி வரிசைக்குப் போனவர், தொப்பி விளிம்பு நாணில் இடிக்கிறது என்று தொப்பியைக் கழற்றினார். டீச்சர் பக்கத்திலேயே நின்றார். நான் தூரத்தில் நாற்காலியில். தொப்பியும் கையுமாக இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு திடலைத் தாண்டி நடந்து வந்து என் மடியில் போட்டார். ஒரே வியர்வை நாற்றம். பயிற்சி முடியும்வரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.