ஜூசாவைக் கொண்டுபோன கப்பல்

விக்னராஜாவை எங்கள் ஆட்கள் "வெள்ளைக்காரியைக் கட்டினவர்" என்றுதான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு பேரும் வேலை செய்த டண்டினொங் கார்த் தொழிற்சாலையில் வெள்ளையர்கள் யாரும் ஜூசாவை வெள்ளைக்காரி என்று ஒத்துக்கொண்டதில்லை. கருகருவென்ற தலைமயிரும் வெயில் பட்ட முகமுமாக இருந்த அந்த மால்டாக்காரியை வெள்ளைக்காரி ஆக்கியது மெல்பேணில் அப்போது இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள்தான். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று என்றாலும் நான் அந்தக் கதைகளில் சேர்வதில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவளுக்குக் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை. அவருக்கு ஸ்டோரில் வேலை. எழுபத்தோராம் ஆண்டு, ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் அவள் விக்னராஜாவிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். "ஒரு சின்னத் தீவு. அங்கே போக முதலில் இன்னொரு தீவுக்குப் போய் லோஞ்ச்ப் படகு எடுக்கவேண்டும்" என்று யாழ்ப்பாணத்து நயினாதீவைப் பற்றி இவர் சொல்லியிருக்கிறார். அவள் கடித்த பாணைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாளாம். அவளுடைய கோசோத் தீவும் அப்படித்தான். மால்டாவில் இறங்கி, வடக்குக் கரைக்குப் போய், காரையும் ஆளையும் சேர்த்து ஏற்றுகிற கப்பலைப் பிடிக்கவேண்டும். கடல் பொங்கினால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் கலியாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை. அந்தத் தொழிற்சாலையில் இதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆட்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். அடுத்த வருடம் கட்டிவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் கைகழுவிவிட்டது. மெல்பேணிலேயே சன்ஷைன் பக்கம் இருந்த அவளுடைய சொந்தக்காரர்கள், கறுவலைக் கட்டினாள் என்று தெருவில் கண்டாலும் மறுபக்கம் திரும்பிப் போவார்கள். நயினாதீவிலிருந்து இவருக்குக் கடிதம் வருவதும் நின்றுபோனது. கோசோவில் இருந்த அவளுடைய தாய் மட்டும் வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு ஜூசாவின் படம் கேட்டு எழுதுவிப்பாள். அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் படம்தான் வேண்டும். முகத்தைப் பார்த்தால் மகள் சாப்பிடுகிறாளா இல்லையா என்று தனக்குத் தெரியும் என்பாளாம்.

எழுபத்தாறில் ஜூசாவுக்குப் புற்றுநோய். பிள்ளை இல்லை. கடைசி வாரங்களில் நான் புட்டும் நண்டுக்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். மணத்தை மட்டும் பிடித்துவிட்டுத் திருப்பித் தருவாள். ஒருநாள் நான் நிற்கும்போதே அவர் கையைப் பிடித்து, "என்னைக் கோசோவுக்குக் கொண்டுபோ. அப்பாவின்ரை குழியில வை" என்றாள். அவர், "கொண்டுபோவன். என்ரை உயிரைக் குடுத்தெண்டாலும் கொண்டுபோவன்" என்றார். அந்த மனுசன் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை.

அவள் போனதும் அவருக்குக் கைகால் ஓடவில்லை. நாங்கள்தான் எல்லாம் பார்த்தோம். தேவாலயத்தில் பூசை நடந்தது. பாதரும் எரிப்பதற்கு இப்போது தடையில்லை என்றார். என் கணவர் சச்சிதானந்தன் தேவாரம் படித்தார். கட்டிய மனைவிக்குக் கொள்ளி வைப்பதுபோல நினைத்துக்கொண்டு விக்னராஜா மின்சுடலையில் பெட்டியை உள்ளே அனுப்புகிற பொத்தானை அழுத்தினார். எங்களுக்கு இதைவிட மரியாதை வேறொன்று தெரியாது. சுடலைக்காரர் சாம்பலைப் போட்டுத் தந்த பிளாஸ்ரிக் பெட்டி எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. என் கலியாணத்துக்கு வந்த பித்தளைச் செம்பில் சாம்பலை நிரப்பி, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தேன். காடாத்துச் சடங்கில் ஒரு பிடி சாம்பலைக் கடலில் விடவேண்டும் என்று என் கணவர் சொன்னார். விக்னராஜா மறுத்துவிட்டார்.

"இல்லை அண்ணை. அவ கேட்டது அந்தக் குழி. ஒரு பொட்டும் குறையாமக் கொண்டுபோறன்."

கோசோவில் அவர்களுடைய ஊர்ப் பாதருக்குத் தொலைபேசி எடுத்து, ஜூசாவைக் கொண்டு வருகிறேன் என்று சொன்னார். குழியைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. எங்களுக்கு எரிப்பது எவ்வளவு வழக்கமோ அவர்களுக்குப் புதைப்பது அவ்வளவு வழக்கம். அதனால் இவருக்கும் விளக்கத் தோன்றவில்லை, அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மால்டா விமான நிலையத்தில் ஜூசாவின் தமையன் சால்வு சவ வண்டியோடு நின்றான். மைத்துனரை முதன்முதலாகக் கண்டவன் கட்டிப்பிடித்துக் குலுங்கி அழுதான். பிறகு, பெட்டியை எந்தப் பக்கத்தால் இறக்குவார்கள் என்று கேட்டான். விக்னராஜா நெஞ்சோடு வைத்திருந்த பையைத் திறந்து செம்பைக் காட்டினார். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையை எடுத்துக்கொண்டான். துறைமுகம் வரும்வரை வண்டியில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான். பின்னால் கண்ணாடிக்குள் பூ மட்டும் கிடந்ததாம்.

சவ வண்டியைக் கப்பலில் ஏற்றினார்கள். மேல்தட்டில் சனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். விக்னராஜா செம்பை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் இருந்தார். ஜூசா சொல்லிச் சொல்லி அவருக்குப் பாடமான கடல் அது. நடுவில் இருக்கிற குட்டித் தீவையும் தெரிந்திருந்தது. அவளோடு வந்து பார்ப்பதாகத்தான் அவருக்கு எண்ணம் இருந்தது.

அரைவாசித் தூரத்தில் சால்வு பக்கத்தில் வந்து இருந்தான். தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் மெதுவாகச் சொன்னான்.

"அம்மா கரையில நிக்கிறா. முகம் பாக்கவேணுமெண்டு நிக்கிறா. தலை இழுத்துவிடச் சீப்புக் கொண்டுவந்திருக்கிறா."

இவர் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ இறங்காதை. இதே கப்பலில திரும்பிப் போ. பெட்டி வரப் பிந்துது எண்டு நான் சொல்லிச் சமாளிக்கிறன். அவவுக்கு இனி எவ்வளவு காலம் இருக்கு. இதைக் காட்டவேண்டாம்."

இறங்கினால் அந்தக் கிழவியின் நெஞ்சு வெடிக்கும். இறங்காவிட்டால் ஜூசா தகப்பனின் குழிக்குப் போகமாட்டாள். செத்துக்கொண்டிருந்தவள் கையைப் பிடித்துக் கேட்ட ஒரேயொரு விசயம் அது. விக்னராஜா, "ஜூசாவுக்குச் சொல்லிப்போட்டன். நான் இறங்கிறன்" என்றார்.

கப்பலின் வாய் திறந்ததும் முதலில் சவ வண்டிதான் வெளியே போனது. கறுப்பு உடுப்போடு நின்ற பெண்களில் குள்ளமான ஒருத்தி அதற்குப் பின்னால் ஓடிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். உள்ளே பூ. திரும்பிக் கப்பலுக்குள் பார்த்தாள். கடைசிக் கார் இறங்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சால்வு கிட்டப்போய்க் காதில் சொன்னான். அவள் கத்தவில்லை. விக்னராஜாவுக்கு முன்னால் வந்து நின்று மகனிடம் ஏதோ கேட்டாள்.

"எரிச்சது ஆரெண்டு கேக்கிறா."

"நான்தான்" என்றார் இவர். எங்கள் ஊரில் அது கணவனுக்குரிய கடமை. மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். செம்பைக் கொடுத்தார். வாங்கி, மேலும் கீழுமாக ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னதைச் சால்வு உடனே மொழிபெயர்க்கவில்லை. குழியை மூடி வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னான்.

"பிறக்கேக்கை இதைவிடப் பாரமா இருந்தவளாம்."

அங்கே இருந்த நாட்களில் கிழவி இவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வைப்பாள். இவர் திரும்பும் அன்று துறைமுகத்துக்கு வந்தாள். கப்பலில் ஏறப்போனவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னாள்.

"அப்பாவின்ரை குழியில இன்னும் ஒராளுக்கு இடம் இருக்காம்" என்றான் சால்வு. "உனக்குத்தானாம். நீ வரேக்கை முழுசா வரட்டாம்."

அவ்வளவு தூரம் அழாமல் போனவர் அந்தக் கப்பலில் வாய்விட்டு அழுதிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு பெண் கைக்குட்டை கொடுத்தாளாம்.

திரும்பி வந்த கிழமை எங்கள் குசினியில் கதிரையில் இருந்துதான் இதெல்லாம் சொன்னார். தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. என் செம்பும் அந்தக் குழிக்குள் போய்விட்டது, அதற்காக மன்னிக்கச் சொன்னார். செம்பு கிடக்கட்டும் என்றேன். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"அண்ணை, நான் செத்தா என்னை எரிச்சுப்போடாதேங்கோ. அந்த மனிசி பாத்துக்கொண்டு நிக்கும்."

தேவாரம் படிக்காமல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத என் கணவர், "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து பின் வளவுக்குப் போய்விட்டார்.