யாருடைய கால் இது?

சென்ற செவ்வாய்க்கிழமை, பீடோங்கில் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில் ஒரு சார்டின் டின் மேல் தட்டிலிருந்து நழுவியது. என் தலைக்கு நேராக!

வேறு யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். இல்லை, கத்தியிருப்பார்கள். நான்தான் எட்டு மாதமாகக் குங்ஃபூ பழகுகிறவள் ஆயிற்றே... முழங்கைகள் இரண்டும் நெஞ்சோடு ஒட்டி முன்னே பாய்ந்தன — அது விங் சுன். கால்கள் அகன்று, இடுப்பு கீழே இறங்கியது — அது ஹங் கர். மூச்சு மட்டும் ஆற அமர உள்ளே போய், ஆற அமர வெளியே வந்தது — அது தைச்சி.

மூன்றும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வருவதற்குள் டின் என் கால் பெருவிரலில் விழுந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் குனிந்து டின்னை எடுத்தார். அது நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஏன் ஸ்டெல்லா, நீ அடிக்கப் போனியா, உக்காரப் போனியா, தூங்கப் போனியா? ஏதாவது ஒண்ண முடிவு பண்ணிக்கலாம்லா!"

விரல் வலித்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்டதில் என்ன தப்பு? அந்த முடிவைப் பண்ணாததால் இரண்டு மாதத்துக்கு முன் நான் பட்ட பாட்டை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் கிளினிக்கில் தொடங்கியது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வாசல் வரை வந்து நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பாட்டுப் போட்டுக் குதிப்பதெல்லாம் ஒத்துவராது. பீடோங்கில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் மெய் லிங், மாலையில் கடைக்குப் பின்னால் விங் சுன் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். குங்ஃபூவில் குருவைச் சிஃபு என்போம். இளையவர் என்றாலும் சிஃபு சிஃபுதானே? சிடாம் கிரியில் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்து வாசலில் அப்பா வைத்திருந்த சாமான் கடையில் வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். திட்டும்போது நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? செமிலிங்கில் மணியம் மாஸ்டர் ஹங் கர் கற்றுத் தருகிறார் என்றார்கள். அங்கேயும் போனேன். சனிக்கிழமை காலையில் சுங்கைப்பட்டாணி பூங்காவில் தைச்சி என்று கோயில் பாடற்குழுத் தோழி இழுத்தாள். அதற்கும் போனேன். ஹோட்டல் புஃபேயில் பசியே இல்லாமல் தட்டை நிரப்புவோமே... அதே புத்தி.

விங் சுன்னில் கால் குறுகி நிற்க வேண்டும். ஹங் கரில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி அகன்று, தாழ்ந்து நிற்க வேண்டும். தைச்சியில் எதற்குமே அவசரம் கூடாது. நாம் இங்கே ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, மலாயில் வளைத்து, ஆங்கிலத்தில் முடிக்கிறோம். நாக்கு சமாளித்துக்கொள்கிறது. காலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு சிஃபுவிடம் படிக்கும்போது இன்னொருவரிடம் போவதானால் முதலில் கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. நான் கேட்கவில்லை. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாயும் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் மெய் லிங் சிஃபு ஒருநாள் சொன்னார். "அக்கா, வர்ற வியாழக்கிழமை டெஸ்ட். பாஸ் பண்ணிட்டா டீ குடுக்கலாம்."

டீ என்றால் சும்மா டீ இல்லை. மாணவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்ட வேண்டும். சிஃபு வாங்கிக் குடித்தால், அன்றிலிருந்து நீங்கள் அவர் வீட்டு ஆள்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டிக்குக்கூட என்னைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். விளையாட்டு என்ற பக்கத்தில் என் பெயர் இருந்ததே இல்லை. இந்த வயதில் ஒருவர் என்னை 'என் மாணவி' என்று சொல்லப் போகிறார்! அந்த வாரம் முழுக்கச் சமையற்கட்டில் காலிக் கோப்பையை நீட்டி நீட்டிப் பழகினேன்.

வியாழக்கிழமை வந்தது. சிஃபுவின் முன்கையோடு என் முன்கையை ஒட்டிக்கொண்டு, அவர் தள்ளுவதைத் தாங்க வேண்டும். முதல் நிமிடம் அற்புதம். சிஃபு வேகத்தைக் கூட்டினார். எனக்குப் பதற்றம். என்னைக் கேட்காமலே கால்கள் தாமாக அகன்றன... இடுப்பு இறங்கியது... சிஃபு லேசாக ஒரு தட்டுத் தட்டினார். நான் தரையில்.

சிஃபு என் கால்களையே பார்த்தார்.

"கை என்னோடது அக்கா. இந்தக் கால் என்னோடது இல்லையே. யாரு காலு இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"முட்டி வலி சிஃபு. அதான்..."

அவர் முகமே மாறிவிட்டது. கோபம் இல்லை; கவலை. வகுப்பை அனுப்பிவிட்டார். கடையைச் சாத்தினார். வெளியே நின்ற தன் காடியின் கதவைத் திறந்தார். "ஏறுங்க. எலும்பு பாக்கிற அண்ணே ஒருத்தர் இருக்காரு. நல்ல கை. பக்கத்துலதான், செமிலிங்."

எனக்குப் பகீர் என்றது. குங்ஃபூ மாஸ்டர்கள் பலருக்கு அடிக்கவும் தெரியும், அடிபட்ட எலும்பைச் சரிபண்ணவும் தெரியும். மணியம் மாஸ்டர் அப்படிப்பட்டவர்.

"பரவால்ல சிஃபு, வீட்டுல தைல மிஞ்ஞாக் இருக்கு. தேச்சிக்கிறேன்."

"சும்மா ஏறுங்கலா!"

வழி நெடுக மனத்துக்குள் ஜெபமாலை சொன்னேன். செமிலிங்கில் எலும்பு பார்க்கிறவர் இன்னொருவர் இருக்கக்கூடாதா, மாதாவே?

இல்லை. தெரிந்த வாசல். தெரிந்த மிளகாய்ச் செடிகள். கைலியோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மணியம் மாஸ்டர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"அட, தங்கச்சி! இன்னிக்கி கிளாஸ் இல்லையே. நாளைக்குத்தானே?"

மெய் லிங் சிஃபு அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் கால்களைப் பார்த்தார்.

"ஓ... இந்தக் கால் உங்களோடதா அண்ணே?"

மாஸ்டருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "அடியாத்தீ! நீ மெய் லிங்கிட்டயும் கத்துக்கிறியா? அதான் முழங்கைய விரின்னா விரிக்கவே மாட்டேங்குற! நான் வயசுக் கோளாறுன்னுல்ல நெனச்சேன்?"

"அப்ப அந்த மெதுவான மூச்சு?" என்றார் சிஃபு.

"அது... சுங்கைப்பட்டாணி சிஃபு."

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெய் லிங் சிஃபு சிரிக்கவில்லை.

"பத்து எடத்துல கத்துக்குங்க அக்கா, நான் வேணாம்னு சொல்லல. கேட்டிருந்தா எப்படிக் கலக்காம கத்துக்கிறதுன்னு சொல்லிக் குடுத்திருப்பேன். ஆனா முட்டி வலின்னு சொன்னீங்க பாருங்க... நான் பயந்துட்டேன். கடையச் சாத்திட்டு ஓடி வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ போனதைவிட, அவர் பயந்தார் என்பதுதான் சுட்டது. வாய் எவ்வளவு நேக்காக மறைத்தாலும் உடம்பு போட்டுக் கொடுத்துவிடுகிறது. நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு திரிகிறோம்.

"மன்னிச்சிருங்க சிஃபு. நீங்களும் மாஸ்டர்."

"அழுவாத தங்கச்சி," என்றார் மாஸ்டர். "நில்லு. மொதல்ல என் கால்ல நில்லு. அப்புறம் அவங்க கால்ல நில்லு. நாங்க டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும்."

நின்றேன். இருவரும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பெட்ரோல் விலை, மழை, மிளகாய்ச் செடிக்குப் பூச்சி... பேச்சு முடிவதாக இல்லை. சிஃபு முதல் கோப்பையை முடித்தபோது நன்றியோடு பார்த்தேன். மாஸ்டர் இரண்டாவது கோப்பையை ஊற்றினார்.

கிளம்பும்போது சிஃபு சொன்னார். "அடுத்த வியாழன் மறுபடி டெஸ்ட். உங்க கால நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

அந்த வியாழன், கால் அகலப் பார்த்த ஒவ்வொரு தடவையும் மாஸ்டரின் இரண்டாவது கோப்பை கண்ணுக்குள் வந்தது. அகலவில்லை. பாஸ்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே சிஃபுவின் கடைக்குப் போனோம். ஆரோக்கியம் கைப்பேசியில் படம் பிடித்தார். மணியம் மாஸ்டரும் வந்திருந்தார், பூப்போட்ட சட்டையில். நான் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினேன். சிஃபு வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அங்கேயே பாட வேண்டும்போல் இருந்தது.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. செமிலிங்கில் நின்ற அன்றிலிருந்தே இடது முழங்கால் நிஜமாகவே விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

சிஃபு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "என்னக்கா, முட்டி வலியா?"

"இல்லவே இல்ல சிஃபு!"

அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.