செவலைக்கு நான் போட்ட இடுக்கி

1978-ம் வருடம், புரட்டாசி மாதம். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாடு என்ற ஊர்ப் பக்கம் இருந்த ஒரு சிறிய கால்நடை நிலையத்தில் நான் ஆய்வாளராக வேலை பார்த்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. நிலையம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மருந்து அலமாரி. வெளியே மாடுகளை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் கீழேயிருந்து வருவார். மற்ற நாட்களில் எல்லாவற்றுக்கும் நான்தான். தினமும் டைரி எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அந்த வருடத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மாதத் தொடக்கத்தில் ஓர் அம்மாள் கயிற்றில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். மூன்று மைல் தள்ளி ஒரு சிற்றூர். கணவர் இறந்த பிறகு சாமைக் கொல்லையைத் தனியாகப் பார்த்து வந்தவர். கொல்லை காட்டை ஒட்டி இருந்தது. காட்டுப்பன்றிகளிடமிருந்து அதைக் காத்தது அந்த நாய்தான். செவலை நிறம், அதனால் பெயரும் செவலை.

பக்கத்து வீட்டுப் பெட்டைநாய் பருவத்துக்கு வரும்போது செவலை கொல்லையை விட்டுப் போய்விடும். பத்துப் பதினைந்து நாள் தலைகாட்டாது. போன வருடம் அந்த நாட்களில்தான் பன்றிகள் இறங்கிப் பாதிக் கொல்லையை உழுது போட்டன. இந்த வருடமும் சாமை கதிர் முற்றும் நேரமும் பெட்டையின் நேரமும் ஒன்றாக வரும்போல் இருந்தது. அந்த ஒரு கொல்லைதான் அவருக்கு வருடச் சாப்பாடு.

"கட்டிப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"கட்டிப் போட்ட நாய் பன்னிய எப்டி சார் தொரத்தும்? பன்னி வந்து கயித்த அவுத்து வுடுமா?" என்றார்.

காயடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் கத்தி கூடாது. முந்தின வருடம் பக்கத்து ஊரில் பன்றிகளுக்குக் காயடிக்கும் ஒருவர் ஒரு நாயை அறுத்து, அது நான்கு நாளில் செத்துப்போயிருந்தது. "அறுக்காம இன்னா வழி இருந்தாலும் சொல்லுங்க. மாத்திரையோ ஊசியோ குடுங்க, களியில வெச்சிக் குடுத்துர்றேன்" என்றார்.

நாயின் வயது, பல், எடை, உடல் சூடு எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டேன். 'பக்கத்து வீட்டுப் பெட்டை காரணம்' என்றும் எழுதினேன். அந்தப் பக்கத்து வீடு யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தபோது அந்த அம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு மருந்து தன் கைக்கு வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். கீழே கொண்டுவந்தால் மயக்கம் கொடுத்து ஒழுங்காகச் செய்யலாம் என்றார். நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், போய்வர இரண்டு நாள் கொல்லையை யார் பார்ப்பது என்று அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். அவர் போனதும் நான், காளைகளுக்குப் போடும் இடுக்கியை நாய்க்குப் போட்டால் என்ன என்று டாக்டரைக் கேட்டேன். தோலைக் கிழிக்காமல், உள்ளே விதைக்குப் போகும் நரம்பை மட்டும் நசுக்கிவிடும் பெரிய இரும்பு இடுக்கி அது. ரத்தமே வராது.

"நாய்க்குப் போடாதே. மாட்டுக்குத் தொங்குற மாதிரி நாய்க்குத் தொங்காது. தோலும் சேர்ந்து நசுங்கிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் மறுபடி வந்தார். பெட்டைக்குப் பருவம் வந்துவிட்டது. செவலை முந்தின நாள் இரண்டு கயிற்றைக் கடித்துவிட்டது. அவர் கெஞ்சவில்லை. நிலையத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க ஒரு வழி சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றார்.

அதற்குள் எத்தனையோ காளைகளுக்கு அந்த இடுக்கியைப் போட்டிருந்தேன். ஒன்றுகூடக் கெட்டதில்லை. அந்த நம்பிக்கையில் டாக்டர் சொன்னதை ஒதுக்கி வைத்தேன். நாயின் வாயைத் துணிப்பட்டையால் கட்டி, மாட்டோடு வந்திருந்த இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னேன். தலையை அந்த அம்மாள் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். வாய் கட்டியிருந்ததால் சத்தம் மூக்கு வழியாக வந்தது. அதைப் பற்றி டைரியில் ஒன்றும் எழுதவில்லை. எழுதியது இதுதான்: 'காலை 10.40. நாய், ஆண், மூன்று வயது. இடுக்கி முறை. ரத்தம் இல்லை. நலம்.' நலம் என்று எழுதும்போது நாய் இன்னும் எழுந்து நிற்கவில்லை.

"இனிமே எங்கயும் போகாதுங்களா?"

"போகாது."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே" என்றேன்.

இடுக்கி போட்ட காளைகூட அடங்க வாரக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாளின் முகம் அத்தனை நாளில் முதல்முறையாகத் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை, கன்றுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர், "சார், அந்தம்மா நாய் சாவக் கெடக்குது" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

செவலை மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. வீக்கம் தொடைவரை இறங்கி, இடுக்கி பட்ட தோல் கறுத்திருந்தது. ஈ மொய்த்தது. என் பேச்சை நம்பி அந்த அம்மாள் அன்றே கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார். அது வலியோடு நேராகப் பெட்டையிடம் போய், இரண்டு நாள் கழித்துத் தவழ்ந்து திரும்பியிருக்கிறது. மூன்று நாளாகக் கொல்லையில் இவர் ஒருவராகப் பன்றியை விரட்டத் தகரம் தட்டியிருக்கிறார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

"இன்னிக்கேன்னு சொன்னீங்களே சார்" என்றார்.

கிருமிநாசினி கலந்த தண்ணீரால் புண்ணைக் கழுவிக்கொண்டே அப்போதுதான் கேட்டேன், பெட்டை யார் வீட்டுடையது என்று. அவர் முகவாயால் காட்டினார். பத்தடி தள்ளி அடுத்த வாசலில் ஒருவர் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுடைய கணவரின் தம்பி. வரப்புத் தகராறில் நான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அந்த ஊரில் பேச்சு முறிந்த பங்காளிகள் தாங்களாக ஆரம்பிக்கமாட்டார்கள். மூன்றாம் ஆள் ஒருவர் நின்றால் அவரைப் பார்த்துச் சொல்லலாம். அன்று அந்த ஆள் நான்.

"சார், அந்த நாய இன்னா சார் பண்ணீங்க? ரெண்டு நாளா எங்கூட்டு வாசல்ல கெடந்து மொனகுச்சி" என்றார் கொழுந்தனார், அரிவாளைப் பார்த்தபடி.

"எவங்கூட்டுப் பொட்ட இழுத்துச்சின்னு கேளுங்க சார்" என்றார் அந்த அம்மாள், என்னைப் பார்த்து.

"எங்க பொட்ட கட்டிதான் கெடக்குதுன்னு சொல்லுங்க சார்."

"வாசல்லயே கட்டி வெச்சா வாசன ஊரு பூரா போவாதான்னு கேளுங்க சார்."

"போன வருசம் சாமை போனதுக்கு நான்தான் காரணம்னு ஊரெல்லாம் பேச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாங்களா, கேளுங்க சார்."

"பேசாதவங்ககிட்ட எப்டி சொல்றதாம்?"

"இப்ப எப்டி சொல்றாங்களாம்?"

மருந்துக் கிண்ணத்தோடு நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நான் எதையும் எடுத்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கடைசியில் என் பங்குக்கு ஒன்று கேட்டேன்: அந்தப் பெட்டையை இருபது நாள் வேறு எங்காவது வைக்க முடியுமா?

"எங்கக்கா வூடு மலைக்கு அந்தாண்ட இருக்குது. இப்பவே இட்டுகினு போறேன். இத கேக்கறதுக்கு ஒரு நாய அறுக்கணுமா சார்?"

"அறுக்கல" என்றேன்.

"நசுக்கனீங்க. அது மட்டும் அதுக்கு நல்லாவா இருந்துச்சி?"

அவர் பெட்டையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வேலி தாண்டியதும் நின்று, "செவல எழுந்திரிக்கிற வரைக்கும் கொல்லைய நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க சார்" என்றார்.

"வேணாம்னு யாரு சொன்னாங்கன்னு கேளுங்க சார்" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் டாக்டரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. மூன்று மைல் நடந்து வந்து செத்த தோலை வெட்டி எடுத்தார். திரும்பி வந்ததும் டைரியைக் கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் படித்தார். நான் வெட்கத்தில் அந்த 'நலம்' என்ற சொல்லை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "அடிக்காதே, இருக்கட்டும்" என்றார்.

பதினோரு நாள் தினமும் போய் ஊசி போட்டுப் புண் கழுவினேன். ஒன்பதாம் நாள் செவலை எழுந்து நின்றது. சாமை அறுப்புக்கு நான்கு நாள் முன்னால் அது மறுபடி கொல்லையில் குரைத்தது. ஓரமாகக் கொஞ்சம் சேதம், மற்றபடி கதிர் வீடு வந்து சேர்ந்தது.

என் இடுக்கி வேலைக்கு இன்னொரு முடிவும் உண்டு. அடுத்த கோடையில் பெட்டைக்குப் பருவம் வந்தபோது கொல்லையில் பயிர் இல்லை, யாரும் அதை எங்கும் அனுப்பவில்லை. ஆடி மாதம் ஜமுனாமரத்தூர் சந்தையில் கொழுந்தனார் என்னைப் பார்த்துவிட்டு, நாலு பேர் கேட்கும்படி, "சார், நீங்க காயடிச்ச நாய்க்கு நாலு குட்டிங்க! மூணு செவல!" என்றார். இடுக்கி ஒரு பக்கம் சரியாக விழவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். புரட்டாசியில் மட்டும் பெட்டை மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். அந்த இரண்டு வீட்டாரும் நேராகப் பேசி நான் கேட்டதில்லை.

அதன்பின் மூன்று வருடம் அந்த மலையில் வேலை பார்த்தேன். நான் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் செவலை குரைக்காது, கடிக்க வராது. என்னைப் பார்த்ததும் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய், நான் கிளம்பும்வரை அங்கேயே நிற்கும். இத்தனை வருடம் கழித்தும் ஒரு வாசலில் மருந்துப் பையைத் திறக்கப் போகும்போது அது அப்படி எழுந்து போவது என் கண்முன் தெரிகிறது. பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, இந்த விஷயத்தில் இன்னும் யாரிடம் பேச வேண்டும் என்று முதலில் விசாரிக்கிறேன்.