தொண்ணூற்றொன்று போதும்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு நிதானம் என்று பெயர். மிளகாயைக் கண்டால் ஒதுங்குகிற, டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வயிற்றுப்புண் வந்து தேறியதிலிருந்து, சூடு, சூடில்லாதது என்று உலகத்தையே அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். அந்தப் பாழாய்ப்போன கணக்கில் பெட்ரோலையும் கொண்டுபோய்ச் சேர்த்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

இருபத்திரண்டு வருடம் ஒரு கம்பெனி மேனேஜருக்குக் கார் ஓட்டியவர். ஆட்குறைப்பில் இவரையும் அனுப்பியபோது, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு கடைசியாக ஓட்டிய காரையே வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? வண்டி உருண்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பெட்ரோல் மூடிக்குள் ஸ்டிக்கர் இருந்தது: பெட்ரோலின் ஆக்டேன் எண் தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. அதைத் தூசி படியாமல் துடைத்து வந்தவரே அவர்தான். ஆனால் வண்டி சொந்தமானதும் பங்க்கில் தொண்ணூற்றொன்று போடச் சொன்னார்.

"இத்தனை நாளா பெரிய நம்பர்தானே போட்டீங்க?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"அது புது வண்டிக்கு எழுதினது. நம்பர் கூடக்கூட வீரியம், சூடு. பதினாலு வயசு வண்டிக்குச் செரிக்குமா? தொண்ணூத்தொண்ணு போதும்."

சில மாதங்களில், மேம்பாலம் ஏறும்போதெல்லாம் இன்ஜினில் டக்டக்கென்று சத்தம் கேட்டது. பழையதையே போடலாமே என்றாள் மனைவி. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வண்டியைப் பற்றித் தனக்கே பாடமா? நிழல் பார்த்து நிறுத்தினார், ரேடியேட்டரில் தண்ணீர் மாற்றினார், வியர்த்துக் கொட்டினாலும் ஏசியைப் போடவில்லை. தன் வயிற்றுக்குக்கூட அத்தனை பத்தியம் இருந்ததில்லை.

ஒரு காலையில், பாலத்தின் உச்சியில், சவாரி உட்கார்ந்திருக்கும்போதே இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, உடைந்த பிஸ்டனை அவர் கையில் வைத்தான்.

"என்ன பெட்ரோல் போட்டீங்க அண்ணே?"

சொன்னார். காரணத்தையும் சொன்னார்.

"தலைகீழா புரிஞ்சுக்கிட்டீங்களே. பெரிய நம்பர்தான் அழுத்தம் தாங்கும், நேரம் வர்ற வரைக்கும் தீப்பிடிக்காது. இந்த வண்டிக்குச் சின்ன நம்பர் போட்டா முந்திக்கிட்டு வெடிக்கும். அந்தச் சத்தம் அதான். அப்பவே மாத்தியிருந்தா பிழைச்சிருக்கும்."

"இனிமே?"

"சிலிண்டரே போச்சு. இந்த மாடலுக்கு இன்ஜினும் கிடைக்காது. எடைக்குத்தான் போடணும்."

வீட்டுக்கு நடந்தே வந்தார். மெக்கானிக் என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள்.

"வயசாயிடுச்சாம்."

அவள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். பிறகு அவர் தோளைத் தொட்டாள்.

"விடுங்க. நீங்க பாத்துக்கிட்ட மாதிரி அதை யாரு பாத்திருப்பாங்க? துணிக்கடையில ஆள் கேக்கறாங்க, நான் போறேன்."

அவளுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. அதைச் சொல்லிக்கூட அவர் தடுக்கவில்லை. வாயைத் திறந்தால் பெட்ரோல் விஷயமும் வந்துவிடும் என்ற பயம்.

இப்போது அவள் அந்தக் கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே துணி மடிக்கிறாள். உட்கார அங்கே ஸ்டூல் கிடையாது. சாயங்காலம் வீங்கிய காலை நீட்டுவாள், இவர் எண்ணெய் தேய்த்துவிடுவார். பாவி மனிதர், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பார்.

"போதும், உங்க கை வலிக்கப்போகுது" என்பாள் அவள்.